யவனர் மொழி பயிலப் புறப்படுமுன்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்தபின் பெற்றோரும் மாணவரும் நம்மிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்றுக்குள் அடங்கிவிடும். எப்போதாவது ஒருவர் வேறொன்று கேட்பார். கிரேக்க நாட்டுக்குச் சென்று அந்நாட்டு மொழியையும் பழைய வரலாற்றையும் பயில வேண்டும், அதற்கு இங்கிருந்தே செய்யத்தக்க ஆயத்தம் யாது என்பது அவ்வினா. கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும் அவ்வினா விரிவான விடைக்கு உரியது. புக்கிட் மெர்தாஜாமில் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, இடைநிலைப் பள்ளியிலும் தமிழை ஒரு பாடமாகக் கொண்ட மாணவர் கிரேக்கம் கற்க முனைவாராயின், அவர் வெறுங்கையோடு புறப்படுபவர் அல்லர். அவர் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்பதைப் பிரித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பெயர். நம் மாணவர் மலாய்ப் பாடநூலில் அந்நாட்டை ‘யுனானி’ என்று படிக்கின்றனர். தமிழ் இலக்கியத்தில் ‘யவனர்’ என்று படிக்கின்றனர். இரண்டும் ஒரு சொல்லே. ஆசியா மைனரின் மேற்குக் கரையில் வாழ்ந்த கிரேக்கப் பிரிவினர் அயோனியர். பழம்பாரசீகர் அவர்களை ‘யௌனா’ என்றனர். அப்பெயர் வடமொழியிலும் பிராகிருதத்திலும் வழங்கித் தமிழில் ‘யவனர்’ ஆயிற்று. அரபியில் ‘யூனான்’ ஆகி, அவ்வழியே மலாய்க்கும் வந்தது. யூனானி மருத்துவம் என்பதிலும் அதுவே உள்ளது. கிரேக்கரோ தம்மை ‘எல்லினெஸ்’ என்றும் தம் நாட்டை ‘எல்லாதா’ என்றும் கூறுவர். சங்கப் புலவர் ‘யவனர்’ என்றபோது கிரேக்கரை மட்டுமன்றி, உரோமப் பேரரசின் பிற குடிகளையும் ஒருங்கே சுட்டினர் என்பதையும் மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஓர் எழுத்தும் ஒரு நாட்டின் பெயரும்

தமிழர்க்குக் கிரேக்கம் எதற்கு என்னும் வினாவுக்குப் பொதுப்படையாக விடை கூறுவதினும் ஒரு சான்றை முழுமையாக ஆராய்வது நன்று.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்திலிருந்து வணிகம் செய்த பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய கடல்வழி நூல் ‘எரித்ரேயக் கடற் பெரிப்ளூஸ்’. முசிறி, கொற்கை, குமரி முதலிய இடங்களை அது குறிப்பிடுகின்றது. ‘ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர் நம் நாட்டைத் தமிரிகா என எழுதிவைத்தனர்’ என்னும் கூற்று நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. அதற்கு அடிப்படை இந்நூலே. நூலைக் கிரேக்கத்தில் திறந்து பார்த்தால் அங்கே உள்ள சொல் ‘லிமுரிகே’. தகரத்தில் தொடங்கும் சொல் அங்கு இல்லை.

அவ்வாறாயின் ‘தமிரிகா’ எங்கிருந்து வந்தது? கிரேக்கப் பேரெழுத்துகளில் ‘லாம்டா’ அடிக்கோடு இல்லாத முக்கோணம். ‘டெல்டா’ அடிக்கோடு உள்ள முக்கோணம். படியெடுப்பவரின் கை சற்றே தவறினால், அல்லது அடிக்கோடு மங்கினால், ஒன்று மற்றொன்றாகிவிடும். பெரிப்ளூஸ் நமக்குக் கிடைப்பது ஜெர்மனியின் ஹைடல்பர்க் நூலகத்திலுள்ள பத்தாம் நூற்றாண்டுக் கைப்படி ஒன்றால். இலண்டனில் உள்ளது அதற்குப் பிற்பட்ட படி. மூல நூலுக்கும் அப்படிக்கும் இடையே ஒன்பது நூற்றாண்டுகள் உள்ளன. உரோமர் காலச் சாலை வரைபடம் ஒன்றின் இடைக்காலப் படியாகிய பியூட்டிங்கர் வரைபடத்தில், இலத்தீன் எழுத்தில், ‘தமிரிகே’ என்னும் வடிவம் காணப்படுகின்றது. இவ்விரண்டையும் இணைத்தே கால்டுவெல் முதலியோர் ‘லிமுரிகே’ என்பது எழுத்துப்பிழை, மூலச் சொல் ‘தமிரிகே’ எனக் கருதினர். 1912இல் வெளிவந்த ஷாஃபின் ஆங்கில மொழிபெயர்ப்பு திருத்திய வடிவத்தையே அச்சிட்டது. 1989இல் கேசன் வெளியிட்ட பதிப்போ கைப்படியில் உள்ளவாறே ‘லிமுரிகே’ என வைத்துக்கொண்டது.

நம் கருத்தில் அத்திருத்தம் பொருத்தமானதே. பியூட்டிங்கர் வரைபடத்தின் சான்று வலியது. ஆயினும் அது திருத்தம். கைப்படியில் உள்ளது வேறு. அறிஞர் ஊகித்தது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து ‘தமிரிகே’ என்பவர் ஆய்வாளர். அறியாமல் சொல்பவர் ஷாஃபின் மொழிபெயர்ப்பை மேற்கோள் காட்டுபவர் மட்டுமே. நம் நாட்டின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைத் தீர்மானிக்கும் வாதத்தில் ஒரு நூற்றாண்டாக நாம் பிறர் மொழிபெயர்ப்பை நம்பியே இருந்து வருகின்றோம். முசிறிக்குச் சென்ற கப்பலின் சரக்கு மதிப்பைக் கூறும் பாப்பிரஸ் ஏடு வியன்னாவில் உள்ளது. 1985இல் அது பதிப்பிக்கப்பட்டது. கங்கைக் கரை நறுந்தைலம், தந்தம் முதலியவற்றின் மதிப்பு வரி நீக்கி ஏறத்தாழ எழுபது இலட்சம் திராக்மா என அது கணக்கிடுகின்றது. அதுவும் கிரேக்கமே.

இக்கரைக்கும் இது புறம்பானதன்று. ஏறத்தாழ கி.பி. 150இல் அலெக்சாந்திரியாவில் தாலமி எழுதிய புவியியல் நூல் மதுரையையும் கொற்கையையும் காவிரிப் பட்டினத்தையும் குறிப்பதோடு நின்றுவிடாமல், கடல் கடந்து ‘பொற்றீபகற்பம்’ என இம்மலாய்த் தீபகற்பத்தையும் குறிக்கின்றது. அங்கே ‘தக்கோலா’ என்னும் வணிகத் துறை ஒன்று சொல்லப்படுகின்றது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரத்தோடு சேர்த்துக் கூறும் ‘தலைத்தக்கோலம்’ அதுவே என்பர். அத்துறை இன்றைய எவ்விடம் என்பதில் அறிஞர்க்குள் ஒருமை இல்லை. தாலமியின் தொலைவுக் கணக்குகளை மூலத்திலேயே படித்து மீண்டும் ஆராய்வோர்க்கு அங்கே வேலை உண்டு. கடாரமாகிய கெடாவும் பூஜாங் பள்ளத்தாக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வெகு தொலைவில் இல்லை. இவ்வூரிலேயே, புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில், செரோக் தோக்குன் பாறைக் கல்வெட்டு உள்ளது. தென்னிந்திய எழுத்து மரபைச் சேர்ந்த அவ்வரிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் படை அதிகாரி படியெடுத்தார். ஆண்டுதோறும் ஜூலைத் திருவிழாவுக்கு வரும் பல்லாயிரவருள் அப்பாறையைக் கண்டு செல்வோர் எத்துணையர் என்பதை நாம் கேட்காமல் விடுகின்றோம்.

சொல்லொப்புமை என்னும் வழுக்குநிலம்

கிரேக்கம் கற்கப் புகும் தமிழ் மாணவரை முதல் திங்களிலேயே பற்றிக்கொள்ளும் மயக்கம் ஒன்றுண்டு. தண்ணீருக்கு இன்றைய கிரேக்கர் ‘நெரோ’ என்பர். அதனைக் கேட்டவுடன் ‘நீர்’ நினைவுக்கு வரும். தமிழ்ச் சொல் கிரேக்கத்துக்குச் சென்றது என்று கட்டுரையும் எழுதிவிடலாம். ஆனால் பண்டைக் கிரேக்கத்தில் தண்ணீருக்கு உரிய சொல் ‘ஹூதோர்’. புதிய நீர், அதாவது அன்று முகந்த நீர், என்னும் பொருளில் ‘நெஅரோன் ஹூதோர்’ என வழங்கினர். காலப்போக்கில் பெயர்ச்சொல் உதிர, ‘புதிய’ என்னும் அடைமொழியே எஞ்சி ‘நெரோ’ ஆயிற்று. நம்மவர் ‘பச்சைத் தண்ணீர்’ என்பதைச் சுருக்கிப் ‘பச்சை’ என்று மட்டும் கூறத் தொடங்கினால் எவ்வாறோ அவ்வாறு. நீருக்கும் நெரோவுக்கும் உள்ள ஒப்புமை தற்செயல். இதனைக் கண்டறிய அகராதியில் ஒரு சொல்லைப் பார்ப்பது போதாது; அம்மொழியின் ஈராயிரம் ஆண்டு எழுத்துச் சான்றுகளைப் படிக்க வேண்டும்.

எல்லா ஒப்புமையும் போலி என்பது நம் கருத்தன்று. இஞ்சியைக் குறிக்கும் ‘சிங்கிபெரிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் பாலி போன்ற இடைக்கால இந்திய மொழிகளின் ‘சிங்கிவேர’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு மூலம் திராவிடத்தின் இஞ்சி, வேர் என்னும் இரண்டு சொற்களின் இணைப்பு. இது உறுதியானது. அரிசிக்கும் ‘ஒரூசா’வுக்கும் உள்ள உறவு அத்துணை உறுதியானதன்று. கிரேக்கச் சொல் ஈரானிய மொழிகள் வழியே வந்தது, வடமொழி ‘வ்ரீஹி’யோடு உறவுடையது என்பதே சொற்பிறப்பியலார் பலரின் முடிபு. எதிர்த்திசையில் வந்தவையும் உள. சுரங்கவழியைக் குறிக்கும் ‘சுருங்கை’ என்பது குழாயைக் குறிக்கும் கிரேக்கச் ‘சூரிங்ஸ்’ என்பதன் வழிவந்தது. குதிரைச் சவுக்காகிய ‘மத்திகை’ கிரேக்க ‘மாஸ்திக்ஸ்’. முல்லைப்பாட்டு யவனரை வருணிக்கும் இடத்திலேயே அச்சொல் வருவது கருதத்தக்கது. காலத்தைக் குறிக்கும் ‘ஓரை’ சோதிட நூல்கள் வழியே வந்த ‘ஹோரா’. மகளிர் விளையாட்டைக் குறிக்கும் தமிழ் ‘ஓரை’ வேறு. தொல்காப்பியத்தில் வருவது எந்த ஓரை என்பதன்மேல் அந்நூலின் காலத்தையே நிறுவ முயன்றோரும் உளர். ஒரு சொல்லின் பொருள்மேல் ஒரு நூலின் காலம் தொங்குமாயின், அச்சொல்லின் இரு பக்கத்தையும் அறிந்தவர் நம்மிடையே இருந்தாக வேண்டும்.

அத்தகையோர் நம்மிடையே இருந்ததுண்டு. ஈழத்தில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் உரோமையில் இறையியல் பயின்றவர். கார்த்தேஜ் நகரின் பழைய திருச்சபைக் குருக்கள் பற்றி ஆய்ந்து பட்டம் பெற்றவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை முறையாகக் கற்ற பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை உயர்கல்வியாகப் பயின்றார். சங்க இலக்கியத்தின் இயற்கைப் பாடல்களைக் கிரேக்க, இலத்தீன் பாடல்களோடு ஒப்பிட்டு எழுத அவருக்கு இயன்றது அதனால்தான். 1960களில் அவர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை அங்கே நடத்தினார். அவ்வாண்டே, 1679இல் அச்சான அந்தாவோ தெ புரொயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை, வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். போர்த்துகீசியமும் இலத்தீனும் அறியாத தமிழறிஞர் அந்நூலகத்தின் வாயில்வரை சென்றும் பயன் இருந்திராது. பினாங்கிலும் பழைய மொழிக் கல்வி புதிதன்று. 1808இல் இத்தீவுக்கு வந்த கத்தோலிக்கக் குருமடத்தில் பல நாட்டு ஆசிய இளைஞர் இலத்தீன் வழியே பாடம் கேட்டனர்.

எந்தக் கிரேக்கம்?

இனி ஆயத்தத்துக்கு வருவோம். ‘கிரேக்கம்’ என்று ஒரு சொல்லால் சுட்டினாலும் அது மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உடைய மொழி. பிளேட்டோவும் நாடக ஆசிரியரும் எழுதியது அத்திக்கக் கிரேக்கம். அலெக்சாந்தருக்குப் பின் எகிப்து முதல் சிரியாவரை பொதுமொழியாகப் பரவியது கொய்னே. பெரிப்ளூசும் முசிறி ஏடும் விவிலியத்தின் புதிய ஏற்பாடும் அவ்வகையின. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714–15இல் தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடு கொய்னேயிலிருந்து நேராகப் பெயர்க்கப்பட்டது. ஏதென்சுத் தெருவில் காய்கறி வாங்கப் பயன்படுவது இக்காலக் கிரேக்கம். தமிழ் மாணவர்க்கு நாம் பரிந்துரைப்பது: படிப்பதற்குக் கொய்னே, பேசுவதற்கு இக்காலக் கிரேக்கம், இரண்டையும் ஒருசேரத் தொடங்கலாம். அத்திக்கத்தைப் பின்னர்ப் பல்கலைக்கழகம் கற்பிக்கட்டும்.

எழுத்துகள் 24. ஒரு வாரத்தில் கைவரும். ஒலிகளே உண்மையான பாடம். இங்கேதான் தமிழறிவு எதிர்பாராத வகையில் துணைபுரிகின்றது.

இக்காலக் கிரேக்கத்தில் ‘டெல்டா’வின் ஒலி வல்லினமாக வெடிப்பதில்லை, உரசி வரும். ‘அது’, ‘இது’ என்பவற்றை இயல்பாகச் சொல்லும்போது இடையில் வரும் தகரத்தைச் செவிகொடுத்துக் கேட்டால் ஏறத்தாழ அதே ஒலி. ‘காமா’ என்னும் எழுத்தின் ஒலி ‘மகன்’, ‘அகம்’ என்பவற்றின் நடுவில் பலர் ஒலிக்கும் ககரத்துக்கு மிக அண்மையது. நாம் இவற்றைச் சொல்லின் இடையில் மட்டுமே ஒலித்துப் பழகியவர்; கிரேக்கர் முதலிலும் ஒலிப்பர். ஆகவே புதிதாகக் கற்க வேண்டியது ஒலியை அன்று, அது வரும் இடத்தை.

இதனினும் வியப்பானது மெல்லினத்தை அடுத்த வல்லினம். தமிழில் ‘பந்து’, ‘பாம்பு’, ‘சங்கு’ என எழுதினால், மெல்லினத்தின் பின்வரும் வல்லெழுத்து தானே குரலொலி பெறும் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. இக்காலக் கிரேக்கத்திலும் அதுவே விதி. ‘எப்போதும்’ எனப் பொருள்படும் ‘பாந்தா’ என்னும் சொல்லை அவர்கள் எழுதுவது னகரமும் தகரமும் கொண்டு; ஒலிப்பதோ நாம் ‘பந்து’ என்பதில் ஒலிப்பதுபோல. இவ்விதியை அவர்கள் ஒரு படி மேலும் கொண்டுசென்றனர். சொல்லின் முதலில் ‘பனானா’ என்பதன் குரலொலிப் பகரம் வேண்டுமாயின், அதற்கெனத் தனி எழுத்து இல்லாமையால் ‘ம்ப’ என இரண்டெழுத்தாக எழுதுவர். தக்காளியாகிய ‘தொமாத்தா’வின் முதல் ஒலிக்கு ‘ந்த’ என எழுதுவர். ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவர் இதனைப் புதிராகக் காண்பர். தமிழ் மாணவர்க்கு ‘ம்ப’ என்று கண்ட அளவிலேயே ஒலி விளங்கிவிடும்.

பண்டைக் கிரேக்க ஒலிகளுக்கு வேறொரு துணை வேண்டும். அக்காலத்தில் பகர வகை மூன்று: மூச்சற்றது, மூச்சுடையது, குரலுடையது. தமிழில் இம்மூன்றும் பொருள் வேறுபடுத்துவதில்லை. மலாயிலும் மூச்சுடைய வகை இல்லை. ஆனால் புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் ஹொக்கியனோ தியோச்சியூவோ கேட்டு வளர்ந்தவர் காதுக்கு அது பழக்கமானதே. இதழொலியிலும் கடைநாவொலியிலும் அம்மொழிகள் அம்மூன்றையும் வேறுபடுத்துகின்றன. பக்கத்துக் கடைக்காரரின் பேச்சைக் கூர்ந்து கேட்பது இவ்விடத்துப் பாடநூலினும் பயன் தரும். எராசுமசு 1528இல் தொடங்கிவைத்த உச்சரிப்பு விவாதத்தைப் படிக்கையில் இது கைகொடுக்கும்.

உயிரெழுத்தில் தமிழர்க்கு மற்றொரு நலம். எகரம், ஏகாரம், ஒகரம், ஓகாரம் என்னும் நான்கையும் பிரித்தறிவது நமக்கு இயல்பு. வடமொழியில் குறில் எகர ஒகரம் இல்லை. பண்டைக் கிரேக்கம் இந்நான்கையும் தனித்தனி எழுத்தாலேயே காட்டிற்று: எப்சிலோன், ஏட்டா, ஒமிக்ரோன், ஒமேகா. கடைசி இரண்டின் பெயர்ப்பொருளே ‘சிறிய ஒ’, ‘பெரிய ஓ’. இக்காலக் கிரேக்கத்தில் நெடில் குறில் வேறுபாடு மறைந்துவிட்டது. இகர ஒலி ஒன்றே. அதனை எழுதும் வழிகள் ஆறு. எழுத்துப்பிழை அங்கேதான் மிகும். மனனம் செய்வதன்றி வேறு வழியில்லை.

நம்மிடம் அறவே இல்லாதது சொல்லழுத்தம். ‘நொமோஸ்’ என்பதன் முதலசையை அழுத்தினால் சட்டம். ஈற்றசையை அழுத்தினால் நிருவாக மாவட்டம். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் மாணவர் அக்குறியைக் கவனியாது கடந்துவிடுவர். சொல்லைக் கற்கும்போதே அழுத்தத்தோடு சேர்த்துக் கற்பதைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும். ‘ஆம்’ என்பதற்குக் கிரேக்கர் ‘நே’ என்பர் என்பதையும் விமானத்தில் ஏறுமுன்பே அறிந்துகொள்வது நன்று.

வேற்றுமையும் பாலும்

இலக்கணத்தில், வேற்றுமை என்பது யாது என விளக்க ஆங்கிலவழி ஆசிரியர்க்குப் பல வாரங்கள் ஆகும். நம் மாணவர்க்கு எட்டு வேற்றுமை பள்ளியிலேயே அறிமுகம். கிரேக்கர் அதனை ‘விழுதல்’ எனப் பொருள்படும் சொல்லால் சுட்டினர். பெயர் தன் நேர்நிலையினின்று சாய்கின்றது என்பது அவர்தம் உருவகம். நாம் பொருள் வேறுபடுதலை நோக்கி ‘வேற்றுமை’ என்றோம். இக்காலக் கிரேக்கத்தில் வேற்றுமை நான்கு: எழுவாய், இரண்டாவது, ஆறாவது, விளி. பண்டைக் கிரேக்கத்தில் நான்காவதும் உண்டு.

வேறுபாடு உருபு சேரும் முறையில் உள்ளது. ‘நண்பனை’, ‘நண்பர்களை’ என நாம் ஒரே ‘ஐ’ உருபை ஒருமைக்கும் பன்மைக்கும் ஒட்டுகின்றோம். ஒட்டிய இடம் தெளிவாகத் தெரியும். கிரேக்கத்தில் எண்ணும் பாலும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கரைந்து நிற்கும். ‘ஃபீலோஸ்’ நண்பன், ‘ஃபீலோ’ நண்பனை, ‘ஃபீலூ’ நண்பனுடைய, ‘ஃபீலி’ நண்பர்கள், ‘ஃபீலூஸ்’ நண்பர்களை. பிரித்துக் காட்ட முடியாத இவ்வீறுகளை அட்டவணையாகவே மனத்தில் ஏற்ற வேண்டும். விளியில் ‘ஃபீலே’ என்பது ‘நண்பனே’ போன்றே ஏகார ஒலியில் முடியும். இதுவும் தற்செயலே, ‘நெரோ’வின் பாடத்தை இங்கும் நினைக்க.

பால் பாகுபாட்டில் தமிழ் மனம் சிறிது இடறும். நம் திணையும் பாலும் பொருள்வழியன. கிரேக்கத்திலோ தெரு ஆண்பால், கதவு பெண்பால், மேசை பொதுப்பால். சிறுமியைக் குறிக்கும் ‘கொரீட்சி’ என்னும் சொல்லும் பொதுப்பாலே. இதனைக் கேட்டு நகைக்குமுன் ‘குழந்தை அழுதது’ என நாமும் அஃறிணை முடிபு தருவதை எண்ணிப்பார்க்கலாம். பண்டைக் கிரேக்கத்தில் பொதுப்பாற் பன்மை எழுவாய் ஒருமை வினை கொள்ளும். விலங்குகள் என்னும் பன்மைக்கு ‘ஓடுகிறது’ என்பதே அங்கு இலக்கணம். ‘மாடுகள் வந்தது’ என எழுதியதற்காகத் தமிழாசிரியரிடம் சிவப்புக் கோடு பெற்ற மாணவர் அத்திக்க இலக்கணத்தில் ஆறுதல் காணலாம்.

வினைமுற்றில் இடம் காட்டும் ஈறு இருப்பதால் ‘நான்’ என்பதைச் சொல்லாமலே ‘எழுதுகிறேன்’ என்பதுபோல ‘கிராஃபோ’ என ஒரு சொல்லால் முடிக்கலாம். ‘எழுதினேன்’, ‘எழுதிக்கொண்டிருந்தேன்’ என்னும் வேறுபாடு அம்மொழியின் வினையமைப்பு முழுவதிலும் ஊடாடுகின்றது. ‘எழுத விரும்புகிறேன்’ என்பதிலுள்ள ‘எழுத’ போன்ற எச்சம் இக்காலக் கிரேக்கத்தில் இல்லை. ‘நான் எழுதுமாறு விரும்புகிறேன்’ என்பதுபோல் இரண்டு முற்றுகளால் சொல்வர். இவற்றை விளங்கிக்கொள்ள நன்னூலின் பெயரியலும் வினையியலும் படித்திருப்பது பேருதவி. ஓர் ‘ஏ’ குறைந்துவிடும் என அஞ்சி எஸ்.பி.எம். தேர்வில் தமிழைக் கைவிடும் மாணவர், பிறமொழி இலக்கணத்தைப் புரிந்துகொள்ளக் கையில் இருக்கும் கருவியையும் சேர்த்தே கைவிடுகின்றார்.

எழுத்தும் பேச்சும் பிரிந்த இரு மொழிகள்

சார்லசு ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றிய கட்டுரையில் நான்கு மொழிச் சூழல்களை எடுத்துக்கொண்டார்: அரபு, சுவிஸ் ஜெர்மன், ஹெய்த்தியக் கிரியோல், இக்காலக் கிரேக்கம். பின்னர் அவர் கூடுதலாகக் காட்டிய சான்றுகளுள் முதலாவது தமிழ். எழுத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரு வழக்கோடு வாழ்வது நமக்கும் கிரேக்கர்க்கும் பொது. ஆனால் அவர்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1901 நவம்பரில், நற்செய்தி நூல் மக்கள் வழக்கில் ஒரு நாளிதழில் வெளியானதை எதிர்த்து ஏதென்சில் எழுந்த கலவரத்தில் எண்மர் மாண்டனர். ‘கதரேவூசா’ எனப்படும் தூய எழுத்து வழக்கு அரசுக்கும் பள்ளிக்கும் உரியதாக நெடுங்காலம் நின்றது. 1967 முதல் 1974 வரை நிலவிய படைத்துறை ஆட்சி அதனை வலிந்து பேணியது. அவ்வாட்சி வீழ்ந்தபின், 1976இல் சட்டத்தின்வழி மக்கள் வழக்காகிய ‘திமோதிக்கி’ கல்விமொழியாயிற்று. 1982இல் பழைய அழுத்தக்குறிகள் பல நீக்கப்பட்டு ஒன்றே எஞ்சியது.

மாணவர்க்கு இதன் பயன் நேரடியானது. 1976க்கு முற்பட்ட ஆய்வு நூல்களும் தொல்லியல் அறிக்கைகளும் பெரும்பாலும் கதரேவூசாவில் உள்ளன. தெருமொழி மட்டும் கற்றவர் அவற்றில் தடுமாறுவார். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையே நாள்தோறும் மாறிப் பழகிய தமிழர்க்கு அம்மாற்றம் அச்சம் தருவதன்று.

புறப்பாடு

நடைமுறைச் செய்திகள் சில. அவை ஆண்டுதோறும் மாறுவன. ஆகவே சுருங்கக் கூறுவோம். கிரேக்க மொழித் தேர்ச்சிக்கான அரசுச் சான்றிதழை தெசலோனிக்கியில் உள்ள கிரேக்க மொழி மையம் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளில் வழங்குகின்றது. கிரேக்க வழியில் பட்டம் பயிலப் பொதுவாக பி2 நிலை எதிர்பார்க்கப்படும். அதனை அடைய முறையாகப் படித்தாலும் ஓராண்டுக்குக் குறையாது. தெசலோனிக்கி அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகமும் ஏதென்சு தேசியப் பல்கலைக்கழகமும் அயல்நாட்டவர்க்கு மொழி வகுப்புகள் நடத்துகின்றன. ஏதென்சில் பண்டைக் கிரேக்கத் தொல்லியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றை ஆங்கில வழியில் பயிலும் பட்டப்படிப்பும் உண்டு. மலேசியக் கடவுச்சீட்டு உடையவர் 180 நாளில் 90 நாள்வரை விசா இன்றித் தங்கலாம். எனவே முதலில் ஒரு கோடைக்கால வகுப்புக்குச் சென்று வந்து, அதன்பின் பட்டப்படிப்பை முடிவு செய்வதே அறிவுடைமை. நெடுங்காலம் தங்கத் தேசிய விசாவும் தங்குரிமமும் வேண்டும். பெறும் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்பதைச் சேருமுன்பே தகுதி மதிப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

பெற்றோர் கேட்கும் வினாவுக்கும் நேர்மையான விடை வேண்டும். கிரேக்கம் படித்தவர்க்கென மலேசியாவில் காத்திருக்கும் பணியிடங்கள் மிகச் சில. தொல்லியல், அருங்காட்சியகம், நூலகம், வரலாறு கற்பித்தல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு இணைத்தே இக்கல்வி வாழ்வுக்கு வழிகாட்டும். இதனை மறைத்து ஊக்கமூட்டுவது மாணவர்க்குச் செய்யும் நன்மையன்று. வேறொரு துறையில் பட்டம் பெற்றுக்கொண்டே கொய்னேயைத் தனியே பயில்வதும் தக்க வழியே. நம் நூல்களைச் சரிபார்க்க அது போதும்.

புறப்படுமுன் உள்ள ஆறு திங்களில் செய்யத்தக்கது இது. கணினியிலும் கைப்பேசியிலும் கிரேக்க விசைப்பலகையை நிறுவிக்கொள்க. சொற்குறிப்பேட்டில் விளக்கத்தைத் தமிழ் இலக்கணச் சொற்களாலேயே எழுதுக. முற்று, எச்சம், விளி என்பவை போதுமான கருவிகள். நாளும் அரைமணி நேரம் உரத்துப் படிக்க, அழுத்தத்தைக் கையால் தட்டிக்கொண்டே. ஈறுகளின் அட்டவணை பாதி மனத்தில் நின்றவுடன் பாடநூலின் செயற்கை வாக்கியங்களை விட்டுப் பெரிப்ளூசின் 53, 54 ஆம் பகுதிகளைத் திறக்க. வாக்கியங்கள் குறுகியவை, வணிகர் நடை. தொண்டியும் முசிறியும் அங்கே வரும். சேரன் ‘கேப்ரோபோத்தோஸ்’ ஆகவும் பாண்டியன் ‘பாந்தியோன்’ ஆகவும் வருவர். ‘பாந்தியோன்’ என்பதில் ந்தகரத்தை எவ்வாறு ஒலிப்பது என்பதும், அதற்குச் சற்று முன்னே நிற்கும் ‘லிமுரிகே’யின் முதலெழுத்தை எவ்வளவு நேரம் உற்று நோக்குவது என்பதும் அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும்.